பின்னிருக்கையின் கீழே காய்ந்த கடல்

மாசி மகத்துக்கு முந்தைய வாரங்களில் ஞாயிறுதோறும் நான் எங்கள் காரின் அடியில் கிடப்பேன். கோணிச்சாக்கை விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு, கம்பி பிரஷ்ஷால் அடித்தகட்டைச் சுரண்டுவேன். செம்பொடி உதிர்ந்து கண்ணிமையிலும் மூக்கிலும் படியும். மனப்பாடமாக இருந்த பதிகங்களை வாய்க்குள் ஓதிக்கொண்டே சுரண்டுவது என் வழக்கம். ஒரு பதிகம் அதன் கடைசிப் பாட்டான திருக்கடைக்காப்போடு நிறைவதற்குள் ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்கு இரும்பு வெளுத்திருக்கும். சில நாள்களில் பாட்டின் நடுவே துருத்தூள் நாக்கில் விழுந்துவிடும். எழுந்து வாய் கொப்பளித்துவிட்டு, விட்ட அடியிலிருந்து மறுபடி தொடங்குவேன். சுரண்டிய இடத்தை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, ரெட் ஆக்சைடு பூசி, அது உலர்ந்ததும் மேலே தார் தடவுவேன். முதுகு நிமிர மறுக்கும். தோள்பட்டை இரண்டு நாள் வலிக்கும்.

இத்தனையும் செய்து முடித்து ஓராண்டு ஆவதற்குள் அதே இடம் அதே நிறத்தில் எனக்காகக் காத்திருக்கும். இறைவனை நோக்கி, ‘எத்தனை பிறவி’ என்று அலுத்துக்கொள்ளும் அடியார்களின் பாடல்களைச் சிறுவயது முதலே ஓதி வந்திருக்கிறேன். அந்த அலுப்பு எத்தகையது என்பது எனக்குக் காரின் அடியில்தான் விளங்கியது என்று சொன்னால் அது மிகையில்லை.

எண்பதுகளின் நடுவில், பழைய கார் ஒன்றை ஒருவரிடமிருந்து வாங்கினோம். ஆடம்பரத்துக்காக அன்று. என் மனைவியின் முழங்கால்கள் இரண்டையும் மூட்டுவாதம் இறுக்கிவிட்டிருந்தது. தாம்பரத்தில் பேருந்துப் படியில் ஏற முயன்று ஒருநாள் அவள் விழுந்தாள். பின்னால் நின்றவர்கள் தாங்கிப் பிடித்ததால் தலை தப்பியது. அன்றிலிருந்து மருத்துவரிடம் போவதும் நின்றது. அதைவிட அவளுக்குப் பெரிதான கோயிலும் நின்றது. மாலை விளக்கேற்றும் நேரத்தில் அவள் நாற்காலியைக் கோயில் இருக்கும் திசைக்குத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் கார் வாங்கும் துணிவு எனக்கு வந்தது. முன்னிருக்கையில் அவளால் காலை மடக்கி உட்கார முடியாது. பின்னிருக்கையில் கதவோரம் சாய்ந்து, இரு கால்களையும் இருக்கையின் நீளத்துக்கு நீட்டிக்கொள்வாள். அந்தக் கார்தான் அவளுக்குக் கால். இன்னொரு கார் வாங்கும் நிலை எங்களுக்கு அப்போதும் இல்லை, பிறகும் வரவில்லை.

பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் ஒரு சிறிய சிவன் கோயில். ஒரு குருக்கள், ஒரு கால பூசை, மாலையில் என்னைப்போலப் பதிகம் ஓதும் இரண்டொருவர். அவ்வளவே அதன் செல்வம். மாசி மகத்தன்று அங்கிருந்து அஸ்திரதேவர் கோவளம் கடலுக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். அஸ்திரதேவர் என்பது சூலத்தின் வடிவில், ஒருவர் மடியில் வைத்துக்கொள்ளும் அளவிலான செப்புத் திருமேனி. பெரிய மூர்த்தியின் சார்பாகக் கடலில் மூழ்கி எழுபவர் அவர்தான். நாங்கள் கார் வாங்கிய செய்தி கோயிலுக்கு எட்டியதும் குருக்கள் தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்தார்.

“சார், இந்த வருஷம் ஸ்வாமி உங்காத்து வண்டியிலே எழுந்தருளலாமோன்னு கேட்க வந்தேன்” என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் உள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது: “கேக்கணுமா? சாமி நம்ம வண்டியில வர்றதுக்குப் பர்மிஷன் வேறயா?”

அன்று முதல் அது வழக்கமாகிவிட்டது. ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் அவள் சிரமப்பட்டு முன்னிருக்கைக்கு மாறுவாள். பின்னால் குருக்கள் அஸ்திரதேவரை மடியில் வைத்துக்கொண்டு அமர்வார். அவர் காலடியில் கடல்நீர் எடுக்கப் பித்தளைக் குடங்கள். வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கம் உப்பளங்களின் நடுவே போகும் பாதையில் மெதுவாகச் செல்வோம். திரும்பும்போது குருக்களின் ஈர வேட்டி, அஸ்திரதேவரின் மேனியிலிருந்து சொட்டும் நீர், ஒவ்வொரு பள்ளத்திலும் தளும்பும் குடங்கள் எல்லாம் சேர்ந்து பின்பக்கத் தரையில் ஒரு சிறு குளத்தையே உண்டாக்கிவிடும்.

முதல் ஆண்டு, வீடு திரும்பியதும் நான் வாளியும் துணியுமாகக் காரைக் கழுவப் போனேன். அவள் சன்னலிலிருந்தே தடுத்தாள்.

“என்ன பண்றீங்க? அது அஸ்திரதேவர் மேனியில பட்ட தண்ணி.”

“காயட்டுமா?”

“பின்னே? கழுவினா எங்க போகும்? தெரு சாக்கடைக்குத்தானே? நாலு பேர் மிதிக்கிற எடம்ங்க அது.”

அதில் நான் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. அபிஷேக நீரைக் கையேந்தி வாங்கித் தலையில் தெளித்துக்கொள்ளும் குடியில் வளர்ந்தவன் நான். அந்த நீர் யார் காலிலும் படக்கூடாது என்பதை எனக்குப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. கதவுகளைத் திறந்து வைத்து வெயிலில் காயவிட்டோம். தரையில் ரப்பர் விரிப்பு. அதன் கீழே, முந்தைய உரிமையாளர் போட்டிருந்த தடித்த சணல் விரிப்பு. மேலே தொட்டுப் பார்த்தால் காய்ந்துதான் இருக்கும்.

அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் இருந்தார். ஞாயிறு காலை தேவாலயத்துக்குப் போகும்போது எங்கள் வேலியருகே நின்று இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டார். மறுநாள் எங்கள் கார் நின்ற கோலத்தை அவர் பார்த்தார்.

“என்ன சார், நாலு கதவும் திறந்து கிடக்கு?”

“சாமி கடலுக்குப் போய் வந்தாரு டீச்சர். ஈரம்” என்றாள் என் மனைவி.

“எங்க சபையில ஞானஸ்நானம் குடுத்தாக்கூடத் தலையைத் துவட்டி விட்டுடுவோம்மா. பாவம், உங்க கார் மட்டும் ஏன் ஈரத்தோட நிக்கணும்?”

“உங்களது கொழாய்த் தண்ணி டீச்சர். இது சமுத்திரம்.”

“அதான் சொல்றேன். சளி புடிச்சுக்கும்.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வந்த ஆண்டுகளில் நான் அடிக்கடி அந்த வாக்கியத்தை நினைத்துக்கொண்டதுண்டு.

கதவுக்குக் கீழே ஓடும் அடிவிளிம்பில்தான் முதலில் அது தென்பட்டது. பெயிண்ட்டின் அடியில் சிறு கொப்புளங்கள். விரலால் அழுத்தினால் உடைந்து, உள்ளேயிருந்து காவி நிறத்தில் பொடி வந்தது. தாம்பரத்தில், தண்டவாளத்துக்கு மேற்கே, ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் கடை வைத்திருந்த டிங்கரிடம் கொண்டுபோனேன். தகடு தட்டி, ஒட்டுப் போட்டு, பெயிண்ட் அடிக்கும் வேலை அவருடையது. தன் வேலையைத் தானே புகழ்ந்துகொள்வதில் அவருக்குக் கூச்சமே கிடையாது.

“இன்னா சார், அம்மை போட்டா மாதிரி கீது?” என்று விளிம்பைத் தட்டினார். “கவலய வுடு சார், அஞ்சு வருசத்துக்குப் பாக்கவே வேணாம். பட்டி வெச்சு இழைச்சு பெயிண்ட் அடிச்சேன்னா, ஷோரூம்ல நிக்கிற வண்டி வந்து உன் வண்டிகிட்ட அட்ரஸ் கேக்கும்.”

அவர் கொப்புளங்களை மேலோட்டமாகச் சீவிவிட்டு, பள்ளத்தில் பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பட்டி பாளமாகக் கழன்று விழுந்தது. அடியில் தகடு முன்னைவிடக் கருத்திருந்தது. திரும்பக் கொண்டுபோனேன்.

“இந்த வருசம் மழ ஜாஸ்தி சார். நான் இன்னா பண்ணட்டும்?”

மறுபடி பட்டி, மறுபடி பெயிண்ட். அவர் சொற்படி, கழித்த இன்ஜின் எண்ணெயை அடித்தகடு முழுவதும் தெளித்தோம். வாசலெல்லாம் கறை, உள்ளே உட்கார்ந்தவளுக்கு அந்த நாற்றத்தில் இருமல். மழைக்குப் பயந்து தார்ப்பாய் வாங்கி மூடினேன். காலையில் பாயைத் தூக்கினால் உள்ளே வியர்த்துக் கிடந்தது. பிறகு பாயைக் கழற்றிவிட்டு, ஞாயிறுகளில் நானே கோணிச்சாக்கை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். சுரண்டுவேன், பூசுவேன், தடவுவேன். நான் கீழேயிருந்து காத்த இரும்பை மேலேயிருந்து ஒன்று தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்கோ டிங்கருக்கோ தோன்றவேயில்லை. அஸ்திரதேவர் அமர்ந்து வந்த இடத்தில் கெடுதல் இருக்கும் என்று எங்கள் வீட்டில் எவருக்கும் எண்ணம் போகாது.

தொண்ணூறுகள் தொடங்கிவிட்டிருந்தன. ஒரு மார்கழியில், அவளை மருத்துவரிடம் காட்டிவிட்டு ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பிக்கொண்டிருந்தேன். தாம்பரம் சிக்னலில் லாரிகளுக்கு நடுவே நின்றோம். விளக்கு மாறியதும் வண்டியை நகர்த்தினேன். பின்னாலிருந்து அவள் குரல், பதற்றமே இல்லாமல் வந்தது.

“ஏங்க, கைத்தடி ரோட்டைத் தொடுது.”

எனக்கு அது விளங்கவில்லை. “என்ன?”

“என் கைத்தடிங்க. கீழ ஊனினேன். அது பாட்டுக்கு எறங்கிப் போயிடுச்சு. ரோட்டுல இழுபடுது. நிறுத்துங்க.”

ஓரத்தில் நிறுத்திவிட்டுப் பின்கதவைத் திறந்தேன். ரப்பர் விரிப்பு கிழிந்து, கைத்தடி ஒரு சாணுக்கு மேல் தரைக்குள் இறங்கியிருந்தது. அவள் இரு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது கைத்தடியாக இல்லாமல் அவளுடைய காலாக இருந்திருந்தால் என்று நினைத்து, இரு கால்களும் இருக்கையின் மேல்தான் இருக்கின்றனவா என்று தொட்டுப் பார்த்தேன். அங்கிருந்து டிங்கர் கடைக்கு நடக்கிற வேகத்தில் ஓட்டிச் சென்றேன்.

அவர் பக்கத்து டீக்கடையிலிருந்து நாற்காலி ஒன்றை எடுத்துவந்து அவளை மரத்தடியில் உட்காரவைத்தார். பின்னிருக்கையைக் கழற்றினார். ரப்பர் விரிப்பை உருவினார். அடியிலிருந்த சணல் விரிப்பு தரையோடு ஒட்டிக்கிடந்தது. இழுத்தபோது தகடும் துண்டுதுண்டாக அதனோடு பெயர்ந்து வந்தது. ஓட்டை வழியே கடையின் மண்தரை தெரிந்தது. விரிப்பின் அடியெல்லாம் வெள்ளைப் பூப்போல ஏதோ படிந்திருந்தது.

“இன்னா சார் இது, உள்ள சுண்ணாம்பு அடிச்சா மாதிரி கீது?” என்று அவர் அதைப் பிய்த்துக் காட்டினார்.

“இங்க குடுங்க” என்றாள் அவள்.

வாழ்நாள் முழுதும் சமையலறையில் உப்புப் பார்த்தவள், விரல் நுனியால் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் மாறியது. 

“உப்புங்க” என்றாள். “கடலுப்பு.”

பிறகு விரலில் மிஞ்சியிருந்ததைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள்.

டிங்கருக்குக் கதையைச் சொன்னேன். மகம், தீர்த்தவாரி, குடங்கள், கழுவாமல் காயவிட்டது எல்லாவற்றையும். அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். பிறகு சிரித்தார்.

“அட இன்னாமா நீ! வருசா வருசம் வண்டிக்குள்ள ஊறுகா போட்டுகினு வந்துகீறீங்க. சாமிக்கு இன்னா, அவரு செம்பு. உப்புத் தண்ணில குளிச்சா பளபளன்னு வருவாரு. இது தகரம்மா, தகரம்.”

“உங்க பட்டி மட்டும் என்னவாம்?” என்றாள் அவள். “அஞ்சு வருஷம் பாக்கவே வேணாம்னீங்க. அஞ்சு மாசம் தாங்கல.”

“அம்மா, இப்ப உங்க வண்டில இரும்ப வுட என் பட்டிதான் ஜாஸ்தி கீது. அத்த மட்டும் நம்பித்தான் ஓடிகினு கீது. திட்டாத.”

அவள் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்: “சார், வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வெச்சு வெல்டிங் அடிச்சுத் தரேன். ஓடும். ஆனா ஓரத்துல சட்டமே அரிச்சிருக்கு, அத்த மாத்த முடியாது. இன்னொரு தபா கடல் தண்ணி உள்ள எறங்கிச்சு, சீட்டோட அம்மா ரோட்டுல இருப்பாங்க. அப்பறம் என்னைக் கேக்காத.”

நான் ஓதிய நூல்களும் கேட்ட உரைகளும் உயிரைப் பற்றிக்கொண்டிருக்கும் ஆணவமாகிய மலத்தைச் செம்பிலுள்ள களிம்புக்கு ஒப்பிட்டுச் சொல்லும். களிம்பு வெளியிலிருந்து வந்து படிவதன்று; செம்பு உள்ள அன்றே உடனிருப்பது. இரும்பின் துரு அப்படியில்லை, வெளியிலிருந்து வருவது, விலக்கினால் விலகிவிடும் என்று எனக்கு ஓர் எண்ணம். கோணிச்சாக்கில் படுத்துக் கிடந்த ஞாயிறுகளில் அந்த எண்ணமே எனக்குத் துணை. அந்த மரத்தடியில், கையில் பெயர்ந்து வந்த தகட்டைப் பார்த்தபோது அது போயிற்று. விலக்க வேண்டியது எதுவென்று கேட்டால், அது தீர்த்தம். அதை விலக்கு என்று எந்த வாயால் சொல்வது?

ஆனாலும் சொல்லியாக வேண்டியிருந்தது. தை மாதத்தில் ஒருநாள், மாலைப் பதிகம் முடிந்து கோயிலில் எல்லாரும் போனபின், குருக்களிடம் சொன்னேன். இந்த ஆண்டு காரில் சுவாமியை எழுந்தருளச் செய்ய இயலாது. தரை தாங்காது. மறுபடி உப்புநீர் பட்டால் கார் இல்லை. கார் இல்லையென்றால் அவளுக்கு மருத்துவரும் இல்லை, இந்தக் கோயிலும் இல்லை. 

குருக்கள் விளக்கின் திரியைச் சரிசெய்துகொண்டே கேட்டார். கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இதுக்கா சார் இவ்வளவு தயங்கறேள்? டெம்போ ஒண்ணு ஏற்பாடு பண்ணிக்கலாம். ஸ்வாமி நினைச்சா நடந்தும் போயிடுவார். அம்மாவாலதான் நடக்க முடியாது.”

எனக்கு அன்று அது போதுமாக இருந்தது. வீட்டில் அது போதவில்லை. நான் சொன்னதைக் கேட்டதும் அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“சாமிய எறக்கி விட்டுட்டு என்னை ஏத்திக்கிறீங்களா?”

“சாமிக்கு டெம்போ கிடைக்கும். உனக்கு எது கிடைக்கும்?”

“எனக்கு ஒண்ணும் வேணாம். ரெண்டு காலும் போயி வீட்டுல கெடந்தவதானே? கெடந்துட்டுப் போறேன்.”

“ஏம்மா, குருக்களே சரின்னு சொல்லிட்டாரு.”

“குருக்கள் சொல்லுவாரு. அவருக்கென்ன. சாமி சொன்னாரா?”

 அவள் கோபத்தில் பிழை காண எனக்கு மனமில்லை. டிங்கர் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்த இடத்தை இந்த முறை நானே அருகிலிருந்து சுரண்டச் செய்து, இரண்டு பூச்சு ரெட் ஆக்சைடும் தாரும் தடவினேன். மேலே விரிப்பு எதுவும் போடவில்லை. எது விழுந்தாலும் கண்ணில் படவேண்டும். ஞாயிறுகளில் காரின் அடியில் நான் ஓதினால் சன்னலோரம் அவளும் கூடவே மெல்லிய குரலில் ஓதுவது வழக்கம். அந்த வாரங்களில் சன்னல் சாத்தியே இருந்தது. மகத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வற்புறுத்த எனக்கும் வலு இல்லை.

மாசி மகத்தன்று காலை, நான் தனியாகக் கிளம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் வேட்டியைக் கட்டிக்கொண்டு நின்றேன். எங்கள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. எட்டிப் பார்த்தால் வாழைமரமும் மாவிலைத் தோரணமும் கட்டிய டெம்போ. பின்தட்டில் பட்டுத்துணி விரித்த மனையில் அஸ்திரதேவர், மாலையோடு. பக்கத்தில் குருக்கள் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயிலிலிருந்து வண்டலூருக்கு நேராகப் போகவேண்டிய வண்டி. எங்கள் தெரு அதற்கு எதிர்த்திசையில் இருந்தது.

“அம்மா!” என்று அங்கிருந்தே கூப்பிட்டார். “நாங்க முன்னாடி போகட்டுமா, உங்க வண்டி முன்னாடி போறதா? கேட்டுண்டு போலாம்னு வந்தோம்.”

குருக்கள் குடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

“அவசரமில்லே. மெதுவா வாங்கோ. ஸ்வாமி வெயிட் பண்ணுவார்.”

தெருவில் சுவாமி வெயிலில் காத்திருக்கிறார் என்ற அந்த ஒரு சொல்லுக்கு மேல் அவளால் நாற்காலியில் இருக்க முடியவில்லை என்பதை, கைத்தடி தரையில் ஊன்றும் ஒலியால் அறிந்தேன். வேலிக்கு அப்பால் ஆசிரியை நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்கம்மா, ஞானஸ்நானமா?” என்றார்.

“ஆமா டீச்சர். இந்த வாட்டி தலையைத் துவட்டிக்கிட்டு வர்றோம்” என்று சொல்லிக்கொண்டே அவள் படியிறங்கினாள். பல வாரங்களுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வேடிக்கை அது.

பின்னிருக்கையில் அவளை ஏற்றிக் கால்களை நீட்டிவிட்டேன். டெம்போ முன்னே போயிற்று, நாங்கள் பின்தொடர்ந்தோம். கேளம்பாக்கத்தில் உப்பளங்கள் இருபுறமும் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. பாத்திகளின் ஓரத்தில் உப்பைக் குவித்து, மேலே ஓலை வேய்ந்திருந்தார்கள். முன்பெல்லாம் அந்த வெள்ளையைப் பார்த்தால் திருநீற்றுக் குவியல் என்று தோன்றும். அன்று எனக்கு அலுப்புத்தான் வந்தது. அந்தக் காற்றே உப்பு. கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். வியர்த்து ஒழுகியது. 

கோவளத்தில் டெம்போ மணல் வரைக்கும் இறங்கிப் போயிற்று. நான் காரைச் சவுக்குத் தோப்பின் ஓரத்தில், தார்ச்சாலையிலேயே நிறுத்தினேன். அங்கிருந்து கடல் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. கூட்டமும் குடைகளும் அதை மறைத்தன. சங்கொலி கேட்டபோது அவள் இருக்கையிலிருந்தபடியே கைகூப்பினாள். அஸ்திரதேவர் மூழ்கியதை நாங்கள் காணவில்லை. என்னிடம் பதிகம் மட்டும் இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே ஓதினேன். சற்று நேரத்தில் பின்னாலிருந்து இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது.

திரும்பும் வழியில் குருக்கள் டெம்போவை எங்களருகே நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஈர வேட்டி கணுக்காலோடு ஒட்டியிருக்க, அஸ்திரதேவரைத் தோளோடு சார்த்தி அணைத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார். பின்னால் ஒருவர் சொம்பில் தீர்த்தம் ஏந்தி வந்தார். அவள் கண்ணாடியை இறக்கினாள். இறக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“கிட்ட வரவேணாம் சாமி” என்று அவளே சொன்னாள். “சொட்டும்.”

குருக்கள் ஓரடி பின்வாங்கி நின்றார். கையை மட்டும் நீட்டி, மாவிலையைச் சொம்பில் தோய்த்து, அவள் தலையில் தெளித்தார். கண்களை மூடி ஏந்திக்கொண்டாள். நெற்றியில் இட்டிருந்த நீறு கரைந்து மூக்கோரம் வழிந்தது. சில துளிகள் கதவின் மேல்விளிம்பில் விழுந்து, உள்பக்கமாக உருளத் தொடங்கின.

அவள் கண்ணைத் திறந்ததும் முதலில் பார்த்தது அதைத்தான். முந்தானையை எடுத்து விளிம்பை ஒற்றினாள். ஒருமுறை ஒற்றிவிட்டு, கண்ணாடி இறங்கும் இடுக்கிலும் துணியை மடித்துச் செருகித் துடைத்தாள். பிறகு அந்த ஈர முனையை இரு கண்களிலும் வைத்துக்கொண்டாள். குருக்கள் அஸ்திரதேவரைச் சுமந்தபடி, அவள் துடைத்து முடிக்கும்வரை நின்றிருந்தார்.

“உள்ள விழுந்துடுச்சா பாருங்க” என்றாள் என்னிடம்.

நான் இறங்கி, கதவைத் திறந்து, விரிப்பில்லாத அந்தத் தகட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன்.

“விழல.”

“நல்லாப் பாருங்க.”

மறுபடி தடவினேன். வீடு வந்து சேர்ந்ததும் முந்தானையின் முனையை ஒரு சொம்புத் தண்ணீரில் அலசி, அந்த நீரை யாரும் மிதிக்காத தென்னம்பாத்தியில் ஊற்றச் சொன்னாள். ஊற்றினேன். கார் அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஓடியது. ஞாயிறுகளில் நான் கோணிச்சாக்கோடு கீழே இறங்குவதும் நிற்கவில்லை.